மோதிரத் தட்டு

மீன் டப்பா ஆலையில் கை கழுவும் தொட்டி முன்னால் வரிசையாக நிற்கிறோம். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இன்னும் பத்து நாள். அவர்களுடைய சுத்த விதிப்படி மர மேசைகள் போய் எவர்சில்வர் மேசைகள் வந்தாயிற்று. எலி பிடித்த பூனையையும் துரத்தியாயிற்று. டியூப்லைட் வெளிச்சத்தில் புது டைல்ஸ் ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்திருக்கிறது. மீன் வாடைகூட மருந்து வாடைக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. இன்றைக்கு மோதிரங்களின் முறை. சூப்பர்வைசர் யோலாந்தா தட்டை நீட்டுகிறாள். "கழட்டுங்கக்கா. வேலை முடியற வரைக்கும் விரல்ல ஒண்ணும் இருக்கக் கூடாதாம்." "அடுத்து விரலையே கேப்பானுங்க" என்கிறாள் எனக்குப் பின்னால் நிற்கும் தெரேசா. பொகுமிலா அக்கா வலது கையைக் குழாயடியில் நீட்டுகிறாள். புருஷன் இருந்தால் கல்யாண மோதிரம் வலது கையில், செத்துவிட்டால் இடது கையில். இங்கே அதுதான் வழக்கம். அவள் புருஷன் ஸெனோன் போன படகு திரும்பாமல் நாலு வருஷம். இன்னும் ஏன் வலது கையில் என்று கேட்டால், "உடம்பு கெடைக்கலையே" என்பாள். சோப்பைத் தேய்த்து முறுக்குகிறாள். மோதிரம் ணங்கென்று தட்டில் விழுகிறது. விரலில் வெளுத்த பள்ளம்.

ஷிப்ட் முடிந்த மணி அடிக்கிறது. அதே தொட்டி, அதே தட்டு. பனிக்கட்டியில் மீன் அள்ளி விறைத்த கைகள் ஒவ்வொன்றாக வந்து மோதிரம் எடுக்கின்றன. பொகுமிலா அக்கா தன்னுடையதை உள்ளங்கையில் வைத்தபடி நிற்கிறாள். "விரல் மூட்டு வீங்கியிருக்குக்கா, நாளைக்குப் போட்டுக்கோங்க" என்கிறாள் யோலாந்தா.

"நாளைக்கும் கழட்டத்தானே சொல்லுவ."

சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டிப் போட்டுக்கொள்கிறாள். அது தடங்கலில்லாமல் உள்ளே போகிறது.