ஒச்சாண்டியின் வலக்கை

பொட்டிப்புரத்துத் துணை சுகாதார நிலையத்தில் மதிய வெயில் சன்னல் வழியே மேசைவரை வந்து கிடக்கிறது. செவிலியர் அனுசுயா செல்போனை மருந்துப் பெட்டியில் சாய்த்து வைத்திருக்கிறாள். மதுரையிலிருக்கும் நரம்பு மருத்துவர் திரைக்குள் குனிந்து பார்க்கிறார். இருபது வருடம் திராட்சைக் கொடிகளைக் கத்தரித்துக் கவாத்து செய்த ஒச்சாண்டியால் இப்போது சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. அவருடைய வலக்கையை மனைவி ராமுத்தாய் தூக்கித் திரைக்கு நேராகப் பிடிக்கிறாள். வற்றிப்போன தோலுக்கடியில் சதை, தூறல் விழும் குளத்து நீர்போல அங்கங்கே துள்ளுகிறது.

“பாத்தீகளா டாக்டரம்மா, ஒரு மாசமா இப்படித்தேன் துடிக்குது. இவுக கையில உசுரு திரும்புதுல்ல?”

படம் உறைந்து நிற்கிறது. குரல் மட்டும் வருகிறது. “இல்லம்மா. நரம்பு சாகச் சாகத்தான் சதை அப்படித் துடிக்கும். இனி காலுக்கும் தொண்டைக்கும் பரவும். குணமாக்க மருந்து இல்லம்மா.”

அனுசுயா பதிவேட்டைப் பார்த்தபடி இருக்கிறாள். ஒச்சாண்டி மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். “அப்ப துடிக்க வேணாம்னு சொல்லுங்க” என்கிறாள் ராமுத்தாய், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கையை அழுத்திப் பிடிக்கிறாள். அவள் விரல்களுக்கடியில் அது துடித்துக்கொண்டே இருக்கிறது.