இருபது கிலோ உடை

அறையில் இருந்தவர்கள்: விரிவுரையாளர் மெரிடித், உடற்பயிற்சி அறிவியல் மாணவர்கள் ஒன்பது பேர், அவர்களில் ஒரே சமோவாத் தீவுக்காரி மசினா, நாற்காலியில் ஆளில்லாமல் சரிந்து கிடந்த, போட்டவரைக் குண்டாக்கிக் காட்டும் ஒரு உடை.

உள்ளே மணல் பைகள் வைத்துத் தைத்தது. இருபது கிலோ. பருமனானவர்களின் கஷ்டம் மாணவர்களுக்குப் புரிய வேண்டுமாம். அதை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், குனிய வேண்டும், எழ வேண்டும். மதிப்பெண் உண்டு.

கூப்பர் முதலில் மாட்டினான். குனிந்தான்.

"டேய், என் காலையே காணோம்டா! இப்படி ஆகறதுக்கு முன்னாடி என்னைக் கொன்னுடுங்கடா."

சிரித்தார்கள்.

"கிளையன்ட் முன்னாடி இப்படிப் பேசிடாத. மனசுக்குள்ள வெச்சுக்கோ," என்றாள் மெரிடித். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மசினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு மணிக்கு இதே கூப்பர்தான், இதே கட்டடத்தில் மாணவர்கள் நடத்தும் ஜிம்மில், அவள் அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறான்.

அம்மாவுக்கு இதய அடைப்பு. ஆள் துணையோடு உடற்பயிற்சி செய்தால்தான் பிழைப்பாள் என்றிருந்தார் டாக்டர். ஆனால் லோகன் நகரில் ஒரு ஜிம்காரன், உங்கள் எடையை மெஷின் தாங்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னதிலிருந்து அம்மா எந்த ஜிம் வாசலையும் மிதித்ததில்லை. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் அப்படி இல்லை என்று மசினா மாதக்கணக்கில் மன்றாடியிருந்தாள். கடைசியில் சர்ச்சில் வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் அம்மா சரி என்றாள்.

"மசினா, உன் முறை. அந்த ஆளாவே மாறிடணும்," என்றாள் மெரிடித்.

மாட்டிக்கொண்டாள். இந்த நாய்களுக்குக் காட்டிவிட வேண்டும், ஒருவனும் வாய் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

அம்மா எப்படி எழுவாள் என்று அவளுக்குத் தெரியும். வலது கை கால்முட்டியில். ஒரு மூச்சு. இடது கை சுவரைத் தேடும். எழுந்ததும் ஒரு கணம் அப்படியே நிற்க வேண்டும், யாரும் பார்க்கவில்லையே என்று. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து முதல் நான்கு அடி.

அச்சு அசலாகச் செய்தாள்.

அறை அடங்கியது. அப்புறம் கூப்பர் மூக்கால் சிரித்தான். அவனைத் தொடர்ந்து எல்லோரும்.

இரண்டு வருடங்களில் அந்த வகுப்பு அவளைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

மசினா இடுப்பை இன்னொரு முறை ஆட்டினாள். கன்னத்தை உப்பிக் காட்டினாள்.

"முழு மதிப்பெண்!" என்று மெரிடித் கைதட்டினாள்.

கைதட்டலை வாங்கிக்கொள்ளத் திரும்பியபோதுதான் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அம்மா நிற்பதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. புது ஷூ. எங்கே போனாலும் முன்கூட்டியே போய்விடும் அம்மா.

அம்மா கோபப்படவில்லை. அழவும் இல்லை. மகளின் கை இன்னும் முட்டியிலேயே இருந்ததைப் பார்த்தாள்.

பிறகு நீண்ட நடைபாதையில் திரும்பி நடந்தாள். நிமிர்ந்து, சுவரைத் தொடாமல், மூச்சு வாங்க ஒரு இடத்திலும் நிற்காமல்.

மசினா கூப்பிட்டாள். அதுவும் நடிப்பென்று நினைத்து அறைக்குள் சிரித்தார்கள்.

வாசல் கதவு அம்மாவின் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டு, பூட்டிக்கொண்டது.