கெம்ப்பர் இன்று அடிப்பான்

லோனி பர்டி ஒரே படகை மூன்று பேருக்கு விற்றவன். மூன்றாவதாக வாங்கியவர் நீதிபதியின் மைத்துனர் என்பது விற்கும்போது அவனுக்குத் தெரியாது. அதன் பலனாக ஒஹையோவில் ஒரு சின்ன மாவட்டச் சிறையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அவனைப் பெரிய சிறைக்கு மாற்றப் போகிறார்கள். அங்கே ஆறு வருஷம். அங்கிருந்து ஈ கூடத் தப்பியதில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமையே கம்பி நீட்டிவிட முடிவு செய்தான். மாலையில் அழுக்குத் துணி எடுக்க லாரி வரும். இந்த வாரம் அதை ஓட்டி வருவது பெரியம்மா பையன் வேட். சலவைக் கம்பெனிச் சட்டையும் தொப்பியும் லாரிக்குள் தயாராக இருக்கும். வாசல் காவலர் சட்டையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒரே தொல்லை ஹட்சின்ஸ். சலவை அறைக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் காவலருக்கு முதுகிலும் கண் உண்டு. டி.வி.யில் அவருடைய ஆட்டக்காரன் மட்டை பிடிக்கும்போது மட்டும் எல்லாக் கண்ணும் அங்கே போய்விடும்.

காவலர்களுக்குள் தினமும் ஒரு பந்தயம். நிஜமான பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்துக்கு வாங்கி ஆளுக்கொரு அணி கட்ட வேண்டும். அன்று ஆட்டத்தில் அவர்கள் அடிப்பதற்கேற்பப் புள்ளி. ஹட்சின்ஸ் எப்போதும் கடைசி. மற்றவர்கள் அவருக்குப் பிறந்த நாளன்று ஒரு துடைப்பம் பரிசளித்திருந்தார்கள்.

மத்தியானம் லோனி மெல்ல ஆரம்பித்தான். "சார், இன்னிக்குக் கெம்ப்பரை எடுங்க."

"யாரு, மட்டைய வச்சு விசிறிக்கிட்டு நிக்கிறானே, அவனா? ஒரு மாசமாப் பந்து அவனைப் பாத்துச் சிரிக்குதுடா. எங்கம்மாவ எடுத்தாக்கூட நாலு புள்ளி தேறும்."

"அதனாலதான் சார் சல்லி விலைக்குக் கிடக்கிறான். அவனை எடுத்துட்டு மிச்சக் காசுல ரெண்டு பெரிய தலைய அள்ளலாம்."

"நாறுன மீனும்தான் சல்லி விலைக்குக் கிடைக்கும்."

"நாறல சார், நல்லாப் பாருங்க. அவன் அடிக்கிறதெல்லாம் பீரங்கி கணக்காத்தான் போகுது. போற இடத்துல எவனாவது கைய நீட்டிக்கிட்டு நின்னா அவன் என்ன பண்ணுவான்? நேரம் சரியில்ல, அவ்வளவுதான். இன்னிக்கு எதிராளி பந்து வீசறவன் இடது கைக்காரன். கெம்ப்பருக்கு அது வெண்ணெய். காத்து வேற வெளியப் பாத்து அடிக்குது. தூக்கி மட்டும் விட்டாப் போதும், மிச்சத்தக் காத்து பாத்துக்கும்."

எல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. காற்றைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டடத்தில் ஜன்னலே கிடையாது.

ஹட்சின்ஸ் தாடையைச் சொறிந்தார். "நீ படகு வித்தவன்டா."

"படகு நிஜந்தானே சார்? நம்பலேன்னா, என்கிட்ட இருக்கிற நூடுல்ஸ் பாக்கெட் அத்தனையையும் அவன் மேலயே வக்கிறேன்."

உள்ளே இருப்பவர்களுக்கு நூடுல்ஸ்தான் பணம், சொத்து, கௌரவம் எல்லாம். அதை வைத்து அங்கே யாரும் விளையாட மாட்டார்கள். ஹட்சின்ஸ் மசிந்துவிட்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் முறை வந்த கெம்ப்பர் மூன்று பந்துக்கும் காற்றை வெட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"மீன் நாறுதுடா," என்றார் ஹட்சின்ஸ்.

"அடுத்த வாட்டி பாருங்க சார். தோளைக் கொஞ்சம் இறக்கி நின்னான், கவனிச்சீங்களா? சரி பண்ணிட்டான் சார்!"

அடுத்த முறை கெம்ப்பர் மட்டையோடு வந்தபோது வெளியே லாரியின் ஹாரன் இரண்டு தரம் கேட்டது. ஹட்சின்ஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, டி.வி.க்குள்ளேயே விழுந்துவிடுவார் போல உட்கார்ந்திருந்தார். லோனி துணிக் கூடையைத் தள்ளிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து, சலவை அறையைத் தாண்டி லாரியில் ஏறினான்.

"தொப்பிய மாட்டு, சீக்கிரம். ரொம்ப நேரம் நிக்க முடியாது," என்றான் வேட். லாரி ரேடியோவிலும் அதே ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் உள்ளே அறையே அதிர ஒரு கூச்சல். கெம்ப்பர் தூக்கிவிட்டான்! பந்து இடது ஓரத்துக் கம்பத்தை உரசுகிற மாதிரி போய் ஜனங்களுக்குள் விழுந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் என்றால் ஹோம் ரன், புள்ளி கொட்டும். அந்தப் பக்கம் என்றால் ஃபவுல், செல்லாது. நடுவர்களுக்கே சந்தேகம். வீடியோவைப் போட்டுப் பார்க்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கூச்சல் அடங்கிப்போனது.

"லோனி, நீ மனுஷனே இல்லடா, தெய்வம்டா!" என்று திரும்பிய ஹட்சின்ஸ், பின்னால் லோனியும் இல்லை, துணிக் கூடையும் இல்லை என்று பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து நடந்ததெல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோனது. காற்றாவது, இடது கையாவது! அந்தப் படகை நாலாவதாக வாங்கிய ஆள் தான்தான் என்று அவருக்கு உறைத்தது. வெளியே லாரி கிளம்பும் சத்தம், வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம். வேலை போச்சு, பென்ஷன் போச்சு. கையை அபாய மணிப் பக்கம் கொண்டு போனார்.

மணியை அழுத்துவதற்குள், சலவைக் கம்பெனிச் சட்டையும் தொப்பியுமாக மூச்சிரைக்க ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கிய லோனி, "சொல்லித் தொலைங்க சார், ஹோம் ரன்னா, ஃபவுலா?" என்றான்.