சிவப்பு எல் ஒட்டின மக்

"கார் சாவி குடுங்க சகலை. ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்றான் விருந்தாளியாக வந்திருந்த சின்ன மாப்பிள்ளை.

பெரிய மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வீட்டிலும் அவருக்குப் பெயர் மாஸ்டர்தான். தலையில் சிவப்பு 'எல்' மாட்டிய ஸ்கூல் காரின் சாவியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, சின்னவன் குரலைத் தாழ்த்தினான். "அப்படியே, இந்த ஊர்ல நல்ல பீர் எங்க கிடைக்கும்? பாட்டில் சமாசாரம் இல்ல. கடையிலேயே காய்ச்சி ஊத்துவாங்களே, அது."

மாஸ்டர் முகம் சட்டென்று மாறியது. "எனக்குத் தெரியாது."

"பதினஞ்சு வருஷமா இங்கதான இருக்கீங்க?"

"தெரியாதுன்னா தெரியாது. சாவியை இப்படிக் குடுங்க, பேசுவோம்."

"சும்மா கேட்டேன் சகலை!" என்று சிரித்தபடி அவன் படியிறங்கிவிட்டான்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் துரத்தியது. "யார்கிட்ட போய் என்ன கேக்கறீங்க? பச்சத் தண்ணியையே வடிகட்டிக் குடிக்கிற மனுஷன். அவர் தங்கம்!"

கல்யாணமாகி ஆறு வருஷமாக இதே தங்கப் பாட்டுதான். கேட்டுக் கேட்டுச் சின்னவனுக்குக் காது புளித்துவிட்டது.

முதல் கடையில் கலர் லைட்டும் காதைக் கிழிக்கிற பாட்டும். பீர் வெதுவெதுவென்று இருந்தது. மோந்து பார்த்ததோடு சரி.

இரண்டாவதில் அழகழகான பாட்டில்கள், எல்லாம் ஜன்னல் வெயிலில். வெயிலில் வாடின பீரை எவன் குடிப்பான்?

அந்தக் கடைக்காரரிடமே கேட்டான். "அண்ணே, வேலை முடிஞ்சா நீங்க எங்க போவீங்க? அதைச் சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "டயர் கடைக்குப் பின்னாடி. போர்டு இருக்காது."

அட, அதுதான் கடை! ஆறு குழாய். எந்த பீர் என்றைக்குக் காய்ச்சியது என்று சாக்பீஸில் தேதியோடு எழுதியிருந்தது. கடைக்காரரான தாடிக்காரர் ருசி பார்க்கச் சொல்லி நாலு குட்டி கிளாஸை வரிசையாக வைத்தார். முதல் வாயிலேயே சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். கருகருவென்று, காபி வாசனையோடு.

கண்ணைத் திறந்தால் எதிர்ச் சுவரில் கொக்கி கொக்கியாக மக்குகள்.

"வாடிக்கைக்காரங்களோடது சார். ஆளுக்கு ஒண்ணு."

மூன்றாவது கொக்கியில் ஒரு பெரிய வெள்ளை மக். அதில் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர். கீழே 'மாஸ்டர்' என்று எழுதியிருந்தது. சாட்சாத் சகலையின் ஸ்கூல் ஸ்டிக்கர்!

"இவர் அடிக்கடி வருவாரா?"

"மாஸ்டரா? வெள்ளி, சனி, ஞாயிறு தவற மாட்டார்."

அடப்பாவி! இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொண்டு என்ன நடிப்பு!

மக்கைப் போட்டோ எடுத்தான். குடும்ப குரூப்பைத் திறந்தான். 'அத்தை, உங்க தங்கம் எப்படிப் பளபளக்குது பாருங்க' என்று தட்டினான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆறு வருஷக் கணக்கை இன்றோடு தீர்த்துவிடலாம். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது கிளாஸையும் காலி பண்ணினான்.

தாடிக்காரர் அந்த வெள்ளை மக்கையே எடுத்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே ஏதோ கலகலத்தது.

"என்னங்க, இதுலயா ஊத்தப் போறீங்க?"

"இதுல ஒரு சொட்டு பீர் விழுந்ததில்ல சார். சாவிதான் விழும். வண்டியில வந்து குடிக்கிறவங்க சாவியை இதுல போட்டுடணும். மாஸ்டர் வந்து எல்லாரையும் வீட்டுல கொண்டு போய் விடுவார். காசு குடுத்தா வாங்க மாட்டார். வாசல்ல அவர் காரைப் பார்த்ததுமே போன் பண்ணிட்டேன்."

சின்னவன் எட்டிப் பார்த்தான். ஏற்கெனவே மூன்று சாவிகள் கிடந்தன. வெட்கமாகப் போய்விட்டது. தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

கதவு திறந்தது. மாஸ்டர், வேர்த்து விறுவிறுத்து. கார்தான் இங்கே நிற்கிறதே, நடந்தே வந்திருந்தார்.

எதிரில் உட்கார்ந்தார். "மிச்ச ரெண்டையும் நிதானமாக் குடிங்க. நான் இருக்கேன்."

சின்னவன் சாவியை மக்கில் போட்டான். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சகலை? தெரியாதுன்னுட்டீங்களே!"

"நடந்து போறேன்னு சொல்லியிருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன். நீங்க கார் சாவியைக் கையில வச்சுக்கிட்டுல்ல வழி கேட்டீங்க!"