கோப்பையோடு திரும்பிய கார்

"டுர்ர்ர்" என்ற உறுமலில் கொட்டகையே அதிர்ந்தது. பழைய சிவப்புப் பந்தயக் காரை அதன் மாற்று எஞ்சின் உள்ளே கொண்டுவந்து நிறுத்தியது.

"நாளைக்குப் பழைய கார் கண்காட்சி. நீ இறங்கிக்க தம்பி," என்று கார் பரபரத்தது. "என்கூடப் பொறந்த எஞ்சின் ஏறப்போவுது. ஃபேக்டரியில ரெண்டு பேர் மேலயும் அடிச்ச நம்பர் பொருந்தினாத்தான் கோப்பை."

மூலையில் கிடந்த பழைய எஞ்சின் முனகியது. "டேய், நான் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கேன்டா."

"நம்பரைத்தான் பார்ப்பாங்க. ஓட்டியா பார்க்கப்போறாங்க?"

மாற்று எஞ்சினைக் கழற்றி ஒரு ஜீப்பில் பூட்டிவிட்டு, பழைய எஞ்சினைக் காரில் ஏற்றினார்கள். அந்த ஜீப்தான் காரைக் கண்காட்சிக்கு இழுத்துப் போனது. கோப்பையும் கிடைத்தது.

"சொந்த எஞ்சின்னா சும்மாவா?" திரும்பும் வழியெல்லாம் கார் பூரித்தது. "மெதுவா இழு தம்பி, கோப்பை ஆடுது."

"சரிண்ணே," என்ற மாற்று எஞ்சின், வேகத்தைக் குறைத்து, எப்போதும்போல் காரை வீட்டுக்குக் கூட்டிப் போனது.