முதுகைப் பார்த்த கண்ணாடி

வெந்நீர்க் குவளைக்குள் ஒரு கண்ணாடித் தகடும் ஒரு துத்தநாகக் கம்பியும் எதிரெதிரே தொங்கின. நீரில் துத்தநாக உப்பு கரைந்திருந்தது. மின்சாரம் ஓடினால் தகட்டின்மேல் வெள்ளைப் படலம் வளர வேண்டும். வளராத தகடுகள் உடைசல் தொட்டிக்குப் போய்விடும்.

தகடு குவளைச் சுவரில் தன் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறியது. "அரை மணி ஆச்சு தம்பி, ஒரு பொட்டுகூட வளரலையே! எனக்குத் தொட்டிதான்!"

கம்பி சிரித்தது.

"உனக்கென்னடா, சிரிப்ப. தொட்டிக்குப் போறது நான்தானே?"

"அக்கா, நீங்க பார்க்கிறது உங்க முதுகு. அந்தப் பக்கம் வெறும் கண்ணாடி, மின்சாரமே ஓடாது; மின்சாரம் ஓடுற பூச்சு முகத்துல மட்டும்தான். இந்தப் பக்கம் இருக்கிற உங்க முகத்தை நான்தானே பார்க்கிறேன்? நாற்றங்கால் மாதிரி கோடி ஊசி முளைச்சிருக்கு! நான் இப்படி இளைச்சதெல்லாம் வேற எங்கே போச்சாம்?"

தகடு நம்பவில்லை. அதற்குள் ஆய்வகத்துப் பெண் இடுக்கியால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியில் தகடு தன் முகத்தைப் பார்த்தது. சாம்பல் பூசணியின் மேல் படிந்த மாவு போல முகம் முழுக்க வெண்மை!

"அட, என்ன அழகா வந்திருக்கு!" என்றாள் அவள்.

தகடு பூரித்துப் போனது. குவளையை நோக்கிக் குனிந்து மெல்லக் கேட்டது:

"தம்பி, இடது ஓரத்துல மட்டும் கொஞ்சம் கம்மியோ?"