அடியில் கீறிய எண்

சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் கோப்பையை இளமதி கவிழ்த்துப் பிடிக்கிறாள். இன்னும் சூடு தணியவில்லை. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயிலில், அதன் அடியில் 999991 என்று தெளிவாகத் தெரிகிறது. போன வாரம், கோப்பை சுடாத மண்ணாக இருந்தபோது ஆனந்தராஜ் ஊசியால் கீறியது. "இது பகா எண்ணு. எதாலயும் வகுக்க முடியாது, நம்மள மாதிரி" என்றான். டியூஷனில் கணக்கு எடுப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். "நேத்து ஸ்ரீமுஷ்ணத்துல அவனுக்கு வேற பொண்ணோட நிச்சயம் ஆயிடுச்சாம், இளமதி" என்கிறாள் பக்கத்தில் தட்டு அடுக்கும் திரௌபதி. இளமதி கோப்பையைக் கீழே வைக்கிறாள். மேசையில் படிந்த வெள்ளைத் தூசியில் அவள் விரல் நகர்கிறது. பத்து லட்சத்துக்கு ஒன்பது குறைவு. ஆயிரத்தின் வர்க்கத்தில் மூன்றின் வர்க்கம் போக மீதி. அப்படியென்றால் ஆயிரத்தோடு மூன்றைக் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று: 1003, 997. பெருக்கிப் பார்க்கிறாள். அதே எண்தான் வருகிறது; வகுபடும் எண்தான். "தூக்கிப் போட்டு உடைச்சிட்டுப் போவியா" என்கிறாள் திரௌபதி. இளமதியின் விரல் தூசியிலேயே நிற்கிறது. "தெனம் சாயங்காலம் புள்ளைங்களுக்கு இதே கணக்கத்தாங்க்கா நடத்துறான். தெரிஞ்சேதான் கீறியிருக்கான்."